குடிபெயர்ந்த வீட்டுப் பிள்ளையின் கதை

நெய்வேலி நகரியத்தில் இருவர் புதிதாகச் சந்தித்துக்கொண்டால், ஸலாமுக்கும் நலம் விசாரிப்புக்கும் அடுத்தபடியாக எழும் கேள்வி ஒன்று உண்டு. "தங்களுக்கு எந்த ஊர்?" என்பதே அது. முப்பது ஆண்டுகள் இங்கேயே பணியாற்றி, இங்கேயே பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவரும் இதற்கு "நெய்வேலி" என்று விடை கூறுவதில்லை. "நமக்குப் பரங்கிப்பேட்டை", "நாங்கள் மேலப்பாளையம்", "எங்களுக்கு வாணியம்பாடிப் பக்கம்" என்றே கூறுவார். அவர் விடையில் தயக்கம் இராது. ஆனால் அதே கேள்வியை அவருடைய பதினைந்து வயது மகனிடமோ மகளிடமோ கேட்டுப் பாருங்கள். பிள்ளை ஒரு கணம் திகைக்கும். பிறகு தந்தையின் முகத்தைப் பார்க்கும். தந்தையின் ஊரைத் தன் ஊர் என்று சொல்ல வாய் வருவதில்லை. பிறந்து வளர்ந்த ஊரைத் தன் ஊர் என்று சொல்லவோ உரிமை இருக்கின்றதா என்று தெரியவில்லை.

அந்தத் திகைப்பைப் பற்றி ஒரு சிறுகதை எழுத வேண்டும் என்ற ஆவல் எங்கள் மாலை வகுப்பில் ஓதும் மேல்நிலைப் பள்ளி மாணவர் சிலருக்கு எழுந்தது. 1998ஆம் ஆண்டில் தொடங்கிய நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியும், அதனையொட்டி நடத்தப்பட்ட சிறுகதைப் போட்டிகளும் இவ்வூர்ப் பிள்ளைகளிடம் எழுத்தாசையை விதைத்திருக்கின்றன என்பதில் ஐயமில்லை. கதையை எவ்வாறு அமைப்பது, எதனைச் சொல்லலாம், எதனை விடலாம், மார்க்கம் இதற்கு இடம் தருகின்றதா என்றெல்லாம் அவர்கள் கேட்டனர். பல வாரங்கள் இதே பேச்சாயிற்று. அவ்வமயம் சிந்தித்தவற்றை இங்கே எழுதுவது பிற ஊர்ப் பெற்றோருக்கும் பயன்படலாம்.

முதலில் இவ்வூரின் இயல்பைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956இல் நிறுவனம் அமைந்தது. 1957ஆம் ஆண்டு மே மாதம் பண்டித நேரு அவர்கள் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். மேல்மண்ணை அகற்றிக்கொண்டே போய், 1961ஆம் ஆண்டு ஆகஸ்டில்தான் நிலக்கரிப் படிவத்தைக் கண்டனர். மறு ஆண்டே சோவியத் நாட்டின் துணையோடு கட்டப்பட்ட அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. தென்னாட்டு இல்லங்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஒளி தந்துவிட்டு, 2020இல் அந்த முதல் நிலையம் ஓய்வு பெற்றது. இத்தனை பணிக்கும் ஆள் வேண்டுமே! தமிழகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும், அண்டை மாநிலங்களிலிருந்தும் மக்கள் வந்தனர். வட்டம் வட்டமாக வகுத்துக் கட்டிய குவார்ட்டர்ஸ் வீடுகளில் குடியேறினர்.

இந்த வீடுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவை பணியோடு வருபவை, பணியோடு போய்விடுபவை. ஓய்வு பெற்றவர் குறித்த காலத்திற்குள் வீட்டை ஒப்படைத்துவிட வேண்டும். ஆகவே இந்நகரியத்தில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தவணை வைத்த வீட்டில் பிறக்கின்றது. தந்தைக்கு அது தெரியும். பிள்ளைக்குத் தெரிவதற்குப் பதினைந்து வயது ஆகின்றது.

நம்முடைய குடும்பங்களுக்கு இதில் இன்னொரு மடிப்பும் உண்டு. ஊரில் இருந்திருந்தால் ஒரு ஜமாஅத்து, ஒரு மத்ஹபு, ஒரு வழக்கு என்று வளர்ந்திருக்கும் பிள்ளை இங்கே எல்லாவற்றையும் கலந்து காண்கின்றது. தன் வீட்டில் "அத்தா" என்று அழைக்கும் பிள்ளை, அடுத்த வீட்டுப் பிள்ளை "வாப்பா" என்பதையும், எதிர் வீட்டில் உருது ஒலிப்பதையும் கேட்கின்றது. ஸுப்ஹுத் தொழுகையில் ஷாஃபிஈயான தன் தந்தை குனூத்துக்காகக் கையேந்துகையில், அருகில் நிற்கும் ஹனஃபியின் கை ஏந்தப்படாதிருப்பதைக் கடைக்கண்ணால் பார்க்கின்றது. பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் கேள்வி கேட்கின்றது. ஊரில் இருக்கும் பிள்ளைக்கு இந்தக் கேள்வி எழ வாய்ப்புக் குறைவு. பலரும் இதனைக் குறையென்று எண்ணுகின்றனர். நான் அவ்வாறு எண்ணுவதில்லை. இமாம்களின் கருத்து வேறுபாட்டை நூலில் படிக்குமுன் அதே ஸஃப்பில் நின்று கண்டுகொள்ளும் பிள்ளை, அதனைப் பகையாக எண்ணாது.

இனி மாணவர்களின் கேள்விக்கு வருவோம். "ஹஜ்ரத், இல்லாத ஒருவனை இருப்பதாக எழுதுவது பொய்யாகாதா?" என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்விதான். மத்ரஸாவில் அரபு இலக்கியம் பயின்றவர்களுக்கு இதன் விடை பாடத்திலேயே இருக்கின்றது. பஸராவைச் சேர்ந்த அல் ஹரீரி (ரஹ்) அவர்களின் "மகாமாத்" என்னும் நூலைத் தலைமுறை தலைமுறையாக ஆலிம்கள் ஓதி வந்திருக்கின்றனர். அதில் ஐம்பது நிகழ்ச்சிகள். அவற்றைச் சொல்பவனாக வரும் ஹாரிஸ் இப்னு ஹம்மாமும், ஊர் ஊராகத் திரியும் அபூ ஸைதும் ஆசிரியரின் கற்பனையில் பிறந்தவர்கள். விலங்குகளைப் பேச வைக்கும் நீதிக் கதைகளை எவரும் பொய்யென்று தள்ளியதில்லையே, செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை அல்லவா என்ற கருத்தில் அவ்வாசிரியர் தம் முன்னுரையிலேயே தம் பக்கத்து நியாயத்தை எடுத்துரைத்துவிட்டார். சொல்பவனும் கேட்பவனும் இது புனைவு என்று அறிந்திருக்கும்போது ஏமாற்று எங்கே இருக்கின்றது? இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த அபூ ஸைது ஸரூஜ் என்ற தன் ஊர் பகைவர் கைக்குப் போய்விட்டதால் ஊரிழந்து அலைபவன். ஹிஜ்ரி 516இல் மறைந்த ஒரு பேராசிரியர் தம் கதை மாந்தனாகத் தேர்ந்துகொண்டவன் ஒரு புலம்பெயர்ந்தவன்.

திருமறையில் அழகிய வரலாறு எனப் போற்றப்பட்டிருப்பது எது? யூசுப் (அலை) அவர்களின் வரலாறு. அவ்வரலாற்றை நாம் பொறுமைக்கும் கற்புக்கும் எடுத்துக்காட்டாகப் பயான்களில் சொல்கின்றோம். பிள்ளைகளிடம் வேறொரு கோணத்திலிருந்து பார்க்கச் சொன்னேன். தன் விருப்பமின்றி அயல்நாட்டுக்குக் கொண்டு போகப்பட்ட ஒரு சிறுவனின் கதை அது. வேற்று மொழி, வேற்று வழிபாடு, வேற்று வீடு. தன்னை விலை கொடுத்து வாங்கியவரின் இல்லத்தில் வளர்கின்றார். இறுதியில் அவர் ஊர் திரும்பவில்லை. குடும்பத்தையே மிஸ்ருக்கு வரவழைத்துக் குடியமர்த்துகின்றார்.

கதை அமைப்பதற்கும் அதிலே பாடம் உண்டு. கிணற்றிலிருந்து எடுத்த வணிகக் கூட்டம் எத்தனை நாள் நடந்தது, வழியில் என்ன கண்டது என்ற விவரம் அங்கே கிடையாது. மிஸ்ரில் வாங்கியவர் தம் மனைவியிடம் பேசுவதோடு அடுத்த காட்சி தொடங்கிவிடுகின்றது. வேண்டாததை விடுவது எப்படி என்பதற்கு இதைவிட மேலான சான்று தேட வேண்டியதில்லை. எங்கள் மாணவன் ஒருவனோ தன் கதையில், குடும்பம் பேருந்து ஏறி விருத்தாசலம் வந்து, அங்கிருந்து மாறி, இறங்கி, வண்டி பிடித்த வரலாற்றுக்கே மூன்று பக்கம் ஒதுக்கியிருந்தான்!

முதலில் வந்த கதைகளைப் பற்றிச் சிறிது சொல்லலாம். ஏறக்குறைய எல்லாமே பயான்களாக இருந்தன. வெளியூரிலிருந்து வந்த பையன் கெட்ட சகவாசத்தில் சேர்கின்றான், தொழுகையை விடுகின்றான், ஓர் ஆலிம் அரைப் பக்கம் உபதேசம் செய்ய, அழுது திருந்துகின்றான். இன்னொன்றில், பள்ளிக்கூடத்தில் முஸ்லிம் மாணவன் மீது திருட்டுப் பழி விழுகின்றது. உண்மை வெளிப்பட்டதும் வகுப்பே எழுந்து நின்று கைதட்டுகின்றது. எழுதியவர்களின் நோக்கம் தூயது. ஆயினும் அப்பிள்ளைகளை எனக்குத் தெரியுமாதலால், அவர்களுடைய உண்மையான கவலை ஒன்றுகூட அந்தக் காகிதங்களில் இல்லை என்பதும் தெரிந்தது. "உபதேசத்தை எனக்கு விட்டுவிடுங்கள், வெள்ளிக்கிழமைதோறும் மிம்பரில் அதைத்தானே செய்கின்றேன்" என்றேன். சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேல் கிடக்கும் மண்ணை அள்ளி அப்புறப்படுத்துவது எத்தனை பெரிய வேலை என்பதைச் சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை. அவர்கள் புரிந்துகொண்டனர்.

நம் இலக்கியத்தில் இதற்கு முன்னோடி இல்லாமலில்லை. கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை அவர்கள் 1885இல் வெளியிட்ட "அஸன்பே சரித்திரம்", இலங்கையின் முதல் தமிழ் நாவலாக மதிக்கப்படுவது. அதன் நாயகன் யார்? மிஸ்ரில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, பம்பாயில் வளர்ந்து, கல்கத்தா சென்று ஆளாகும் ஓர் இளைஞன். முஸ்லிம் ஒருவர் தமிழில் நாவல் எழுத அமர்ந்த அந்தத் தொடக்க காலத்திலேயே, பெற்ற மண்ணை விட்டு வேற்றூரில் வளரும் பிள்ளைதான் அவர் நினைவுக்கு வந்திருக்கின்றான். பின்னர் 1938இல் நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் "காதலா கடமையா" என்ற நாவலை எழுதினார்கள். நம் பெண்களும் எழுதலாமா என்று இன்றும் கேட்பவர்களுக்கு அந்த ஆண்டைச் சொன்னாலே போதும். தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரான் அவர்கள் தம் கடற்கரை மக்களின் பேச்சையே எழுத்தாக்கி, "சாய்வு நாற்காலி" நாவலுக்காக 1997இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றார்கள். இவர்கள் மூவரும் தாம் அறிந்த உலகத்தை எழுதினர். திரைப்படங்களில் நெடுங்காலம் காட்டப்பட்ட, "நம்பள்", "நிம்பள்" என்று கொச்சைத் தமிழ் பேசும் பாயை அவர்கள் எழுதவில்லை. (வீட்டிலும் தமிழே பேசும் இலட்சக்கணக்கான முஸ்லிம்களின் வாயில் அந்தக் கொச்சையை யார் திணித்தார்களோ, அல்லாஹ்வே அறிவான்!)

வெளிநாடுகளில் இத்தகைய கதைகள் இப்போது மிகுதியாக வருகின்றன. ஆஸ்திரேலியாவில் வாழும் ரந்தா அப்துல் ஃபத்தாஹ் என்ற பெண்மணி 2005இல் எழுதிய நாவலொன்றின் தலைப்பு, "இதில் என் தலை பெரிதாகத் தெரிகின்றதா?" என்று பொருள்படுவது. ஃபலஸ்தீன வழிவந்த குடும்பத்தில் மெல்பர்னில் பிறந்து வளர்ந்த பதினாறு வயது அமல், எப்போதும் முக்காடு அணிவது என்று தானே முடிவு செய்கின்றாள். பெற்றோர் வற்புறுத்தவில்லை, அவளுக்கு என்ன நேருமோ என்று அஞ்சவே செய்கின்றனர். அவளுடைய துருக்கியத் தோழியின் தாயோ, மகளின் படிப்பை நிறுத்தி மணமுடிக்கத் துடிக்கின்றாள். அத்தாய் மார்க்கம் என்று பிடித்துக்கொண்டிருப்பது தன் கிராமத்து வழக்கத்தையே என்பது கதைப்போக்கில் விளங்குகின்றது. எனக்கு இந்நூலில் மிகப் பிடித்தது இந்தத் தோழியரின் கதைகூட அன்று. அடுத்த வீட்டில் தனித்து வாழும், கிரேக்க நாட்டிலிருந்து வந்த மூதாட்டி ஒருத்தி. முதலில் சிடுசிடுத்த அந்தக் கிறித்தவ மூதாட்டிக்கும் அமலுக்கும் இடையே வளரும் உறவு. அந்த மூதாட்டியும் ஒரு காலத்தில் குடிபெயர்ந்து வந்தவளே. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றிப் பெருமானார் (ஸல்) அவர்கள் எத்தனை வலியுறுத்தினார்கள் என்பதை நூறு முறை சொல்லலாம். அந்த நாவலில் அதனைக் காணவே முடிகின்றது.

நம் மொழி பேசும் மக்களிடத்தில் இதைவிடக் கடுமையான கதைகள் உண்டு. 1990ஆம் ஆண்டு அக்டோபரில் இலங்கையின் வட மாகாணத்து முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் இருந்தோருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். பலர் புத்தளத்தில் வந்து தங்கினர். அங்கே ஆதரித்தவர்களும் முஸ்லிம்களே, தமிழ் பேசுபவர்களே. ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல "அகதி" என்ற சொல் ஒரு தலைமுறையின் மீது ஒட்டிக்கொண்டது. யாழ்ப்பாணத்தை ஒரு நாளும் கண்டிராமல் புத்தளத்தில் பிறந்து பதினைந்து வயதான பிள்ளை "நான் யாழ்ப்பாணம்" என்று சொல்வதற்கும், நெய்வேலிப் பிள்ளை "நான் மேலப்பாளையம்" என்று சொல்வதற்கும் இடையே துன்பத்தின் அளவில் ஒப்பீடே இல்லை. திகைப்பு மட்டும் ஒன்றுபோல் இருக்கின்றது.

ஹதீஸ் நூல்களில் இத்தகைய பிள்ளைகள் இருக்கின்றார்களா என்று மாணவர்கள் கேட்டபோது, புகாரி ஷரீஃபில் வரும் உம்மு காலித் (ரலி) அவர்களைப் பற்றிச் சொன்னேன். மக்காவில் கொடுமை பொறுக்காது அபிஸீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்த பெற்றோருக்கு அங்கேயே பிறந்த பெண் குழந்தை அவர். ஹிஜ்ரி ஏழாம் ஆண்டில் அக்குடும்பம் மதீனா வந்தது. பெருமானார் (ஸல்) அவர்களிடம் ஆடைகள் சில வந்தன. அவற்றில் பூவேலைப்பாடுள்ள சிறிய கறுப்பு ஆடை ஒன்று இருந்தது. இதனை யாருக்கு அணிவிக்கலாம் என்று கேட்டுவிட்டு, அந்தச் சிறுமியை அழைத்துவரச் செய்து, தம் கரத்தாலேயே அணிவித்தார்கள். நெடுங்காலம் அணிந்து மகிழ வாழ்த்தினார்கள். பிறகு அந்த வேலைப்பாட்டைக் காட்டி, "ஸனா" என்றார்கள். அழகு என்று பொருள்படும் அச்சொல் அரபுச் சொல் அன்று, அபிஸீனியச் சொல்! அந்தக் குழந்தை பிறந்து வளர்ந்த மண்ணின் சொல்.

இதைச் சொன்னபோது வகுப்பு அமைதியாயிற்று. அரபு நாட்டுத் தலைவர், அரபு வமிசத்துச் சிறுமி. "நீ இனி நம் மொழியைச் சரியாகப் பேசக் கற்றுக்கொள்" என்று சொல்லியிருக்கலாம். அதற்கு மாறாக, அவள் விட்டு வந்த நாட்டின் சொல்லொன்றைத் தாம் எடுத்துப் பேசினார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நம் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டு, "இதென்ன நெய்வேலிப் பேச்சு!" என்று சிரிக்கும் பெரியத்தாமார்களும் மாமிமார்களும் இந்த ஹதீஸைக் கேட்டிருப்பார்களாயின் நன்று.

பிலால் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியும் அத்தகையதே. அபிஸீனிய வழிவந்த அவர்கள் மக்காவில் பட்ட பாட்டை அறியாதவர் இல்லை. சுடுமணலில் கிடத்தி நெஞ்சில் பாறையை ஏற்றிய ஊர் அது. மதீனா வந்து காய்ச்சலில் விழுந்தபோது, அவர்கள் வாய் அந்த மக்காவின் புல் பூண்டுகளையும் நீர்த்துறையையும் மலைகளையுமே ஏங்கிப் பாடிற்று. இதனைக் கேள்வியுற்ற நாயகம் (ஸல்) அவர்கள் அந்த ஏக்கத்தைக் கடிந்துரைக்கவில்லை. மக்காவை நாங்கள் நேசித்ததுபோல, அதைவிடவும் கூடுதலாக, மதீனாவையும் எங்களுக்கு நேசமாக்குவாயாக என்ற கருத்தில் இறைவனிடம் இறைஞ்சினார்கள். பழைய ஊரை மறக்கச் செய் என்று கேட்கவில்லை என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

இத்தனைக்கும் பிறகு எழுதப்பட்டவற்றுள் ஒன்றே ஒன்று தேறிற்று. பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதித் தன் தந்தையின் வாயிலாகக் கொடுத்தனுப்பியது. கதையில் வரும் பெண்ணின் தந்தை அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகின்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சொந்த ஊருக்குப் போக வேண்டும். அவள் பிறந்த ஆண்டில் வீட்டுக் கொல்லையில் வைத்த பலாமரம் அவ்வாண்டுதான் நிறையக் காய்த்திருக்கின்றது. அவள் தன் பள்ளித் தோழியிடம் சென்று, முன்பின் அறியாத ஊருக்குப் போகப் போவதைச் சொல்லி அழுகின்றாள். அந்தத் தோழி முஸ்லிம் அல்லள். அவளுடைய பாட்டனாரின் கிராமம் சுரங்கத்துக்காக எடுக்கப்பட்டது. முந்திரித் தோப்பும், கோயிலும், குளமும் இருந்த இடத்தில் இப்போது பள்ளம். தோழி ஆறுதல் சொல்லவில்லை. "உனக்காவது போவதற்கு ஓர் ஊர் இருக்கிறது" என்கின்றாள்.

பயான் எதுவும் இல்லாத அந்த ஒரு வரியைப் படித்தபோது நான் நோட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் இருந்தேன். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் நாம். நாம் வந்து சேர்ந்த காரணத்தாலேயே ஊரை இழந்தவர்கள் அவர்கள். வந்தவரின் வீட்டில் எரியும் விளக்குக்கு யாருடைய நிலம் எண்ணெயாயிற்று என்பதை ஒரு பெண் பிள்ளை, யாரையும் குற்றம் சாட்டாமல் கேட்டுவிட்டாள். 2023ஆம் ஆண்டு ஜூலையில், வளையமாதேவிப் பகுதியில் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கியபோது எழுந்த கொந்தளிப்பை நாடறியும். அந்தச் செய்தித்தாளை நகரியத்து வீடுகளிலும் படித்தார்கள். படித்துவிட்டு என்ன பேசிக்கொண்டார்கள் என்பது வேறொரு கதைக்குரிய பொருள். அதனை எழுதும் துணிவு நம் பிள்ளைகளுக்கு வரட்டும்.

ஆனால் சிக்கல் வேறு இடத்திலிருந்து வந்தது. நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்த தந்தை அதனைப் படித்திருந்தார். சில நாள் கழித்து அவரே என்னிடம் வந்தார். கதையின் நடுவில், ஊரில் இருக்கும் பெரியத்தா பூர்வீக வீட்டில் தம்பியின் பங்கைத் தராமல் இழுத்தடிப்பதாகவும், அதனால் ஓய்வுக்குப் பின் இவர்கள் வாடகை வீடு தேட வேண்டியிருப்பதாகவும் அவள் எழுதியிருந்தாள். "ஹஜ்ரத், அண்ணன் கண்ணில் இது பட்டால் நான் எந்த முகத்தோடு ஊர் போவேன்? மகளிடம் நான் ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை. எப்படித் தெரிந்ததோ!" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பெற்றோர் மறைத்தவற்றைப் பிள்ளைகள் அறிந்தே இருக்கின்றார்கள் என்பது அன்று அவருக்கும் விளங்கிற்று, எனக்கும் விளங்கிற்று.

இங்கே மார்க்கச் சட்டம் தெளிவாக இருக்கின்றது. ஒருவரிடம் இருக்கும் குறையை, அவர் கேட்டால் வருந்துமாறு, அவர் இல்லாத இடத்தில் சொல்வது கீபத் என்னும் புறம். பெயரைச் சொல்லாவிட்டாலும், கேட்பவர் இன்னாரென்று அறிந்துகொள்ளும்படி சாடையாகச் சொன்னாலும் அது புறமே என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் விளக்கியிருக்கின்றார்கள். கதை என்ற போர்வை அதனை ஹலாலாக்கிவிடாது. இதனை அந்த மாணவிக்குச் சொல்லியனுப்பினேன். அவளிடமிருந்து வந்த மறுமொழி என்னைச் சிந்திக்க வைத்தது. "நடந்ததை மறைத்து எழுதினால் அதுதானே பொய்?" என்று கேட்டிருந்தாள்.

மீண்டும் யூசுப் (அலை) அவர்களிடம்தான் போக வேண்டியிருந்தது. பெற்றோரும் சகோதரர்களும் மிஸ்ருக்கு வந்து சேர்ந்தபின், இறைவன் தமக்குச் செய்த பேரருள்களை அவர்கள் எண்ணிக் கூறுகின்றார்கள். சிறையிலிருந்து தம்மை வெளியேற்றியதைக் குறிப்பிடுகின்றார்கள். கிணற்றைக் குறிப்பிடவில்லை. தள்ளியவர்கள் எதிரிலேயே நிற்கின்றனரே, அவர்கள் நாணக்கூடாது என்பதற்காக. தமக்கும் சகோதரர்களுக்கும் இடையே ஷைத்தான் புகுந்து கலகம் விளைவித்ததாக மட்டும் சொல்லி அமைகின்றார்கள். விரிவுரையாளர்கள் இந்த நுட்பத்தை எடுத்துக் காட்டியிருக்கின்றனர். ஆனால் அதே அத்தியாயத்தில், அதற்கு முன்பே, கிணறு இருக்கின்றது! சட்டையில் தோய்ந்த பொய் இரத்தமும் இருக்கின்றது. வரலாறு கிணற்றை மறைக்கவில்லை. தம்பி அண்ணன்மாரைச் சுட்டிக் காட்டவில்லை. "உன் கதையிலும் கிணறு இருக்கட்டும் மகளே, அது யார் வீட்டுக் கிணறு என்று ஊரார் கண்டுகொள்ள முடியாதபடி இருக்கட்டும்" என்று எழுதியனுப்பினேன்.

இரண்டாம் முறை எழுதியபோது அவள் ஊரை மாற்றினாள், தொழிலை மாற்றினாள், பெரியத்தா இருந்த இடத்தில் உறவே வேறொன்றாயிற்று. பங்குச் சண்டை இரண்டு வரியாகச் சுருங்கிற்று. அதனால் கதை மெலிந்துவிடும் என்று அஞ்சினேன். மெலியவில்லை. முன்பு பெரியத்தாவின் மீதிருந்த வெளிச்சம் இப்போது தந்தையின் மீது விழுந்தது. முப்பது ஆண்டுகள் ஷிஃப்டு முறையில் உழைத்துவிட்டு, இரவில் எழுந்து கொல்லைப்புறம் போய் அந்தப் பலாமரத்தடியில் நிற்கும் மனிதர் ஒருவர் கதைக்குள் வந்துவிட்டார். தந்தையார் அதனைப் படித்துவிட்டுத் தடையில்லை என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது மூன்றாம் முறையாக எழுதிக்கொண்டிருக்கின்றாள். வீட்டுச் சாவியை அலுவலகத்தில் ஒப்படைக்கும் இடத்தில் கதை முடிகின்றது. கொடுக்கப்பட்ட படிவத்தில் "நிரந்தர முகவரி" என்ற கட்டம் வருகின்றது. தந்தையின் பேனா அங்கே நிற்கின்றது. அவர் மகளைத் திரும்பிப் பார்க்கின்றார். வகுப்புத் தோழர்கள் இருவர், அவர் என்ன எழுதினார் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லையேல் போட்டி நடுவர்களுக்குக் கதை விளங்காது என்று வாதிடுகின்றனர். அவள் இன்னும் இணங்கவில்லை.